நியூசிலாந்தில் கேம்பர்வேனில் வெளியே தங்குவது: இடம், கழிவறை, டம்ப் ஸ்டேஷன் – முழுமையான வழிகாட்டி

மின்னிணைப்பும் குழாயும் இல்லாத இடத்தில், ஹாலிடே பார்க் எனும் கட்டண முகாம் வளாகத்துக்குக் காசு கட்டாமல், வேனிலேயே இரண்டு மூன்று இரவு தங்க நினைப்பவர்களுக்கானது இந்த வழிகாட்டி. வாடகை வேனுக்கும் சொந்த வேனுக்கும் பொருந்தும்.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது பேட்டரி எத்தனை நாள் தாங்கும் என்று. ஆனால் அவர்களை அவசரமாக ஊருக்குள் திரும்ப வைப்பது பெரும்பாலும் கழிவறையின் கழிவுத் தொட்டியான கேசட் நிரம்பியதைக் காட்டும் சிவப்பு விளக்கு. அதனால் இங்கே எல்லாக் கணக்கும் கழிவறையிலிருந்தே தொடங்குகிறது.

1. வேனுக்குப் பணம் கட்டும் முன்: பச்சை வாரண்ட்

பொது இடத்தில் வேனை நிறுத்தி இரவு தங்குவதற்கு அங்கே ‘ஃப்ரீடம் கேம்பிங்’ என்று பெயர். 2011-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு உண்டு. 2023 ஜூனில் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். இப்போதைய நிலை இதுதான்: உள்ளூர் கவுன்சிலின் நிலத்தில் வேனில் தங்க வேண்டுமானால், வேன் ‘செல்ஃப் கன்டெய்ன்டு’ (தன் தண்ணீரையும் கழிவையும் தானே வைத்துக்கொள்ளும் வண்டி) என்று சான்று பெற்றிருக்க வேண்டும். கவுன்சில் தானே விலக்கு அளித்த சில இடங்களில் மட்டும் சான்று தேவையில்லை.

அந்தச் சான்றின் அடையாளம் பச்சை நிற வாரண்ட் அட்டை. அதில் வண்டி எண், காலாவதித் தேதி, எத்தனை பேருக்கு அனுமதி என்ற எண்ணிக்கை, மூன்றையும் பாருங்கள். பலரும் தேதியைப் பார்த்துவிட்டு எண்ணிக்கையை விட்டுவிடுகிறார்கள். இரண்டு பேருக்குச் சான்று பெற்ற வேனில் மூன்று பேர் படுத்தால் அந்தச் சான்று உங்களைக் காப்பாற்றாது.

கழிவறை வண்டியோடு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். படுக்கையை முழுதாக விரித்த பிறகும் உள்ளே உட்கார்ந்து பயன்படுத்த இடம் வேண்டும். கட்டிலுக்கடியில் வைத்து, வேண்டும்போது வெளியே இழுக்கும் கையடக்கக் கழிவறைகள் இதற்குப் போதாது. பழைய நீல வாரண்ட் ஒட்டிய வேன்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. நீலத்தை நம்பி வாங்காதீர்கள். பச்சை வாரண்ட் வாங்கித் தந்த பிறகே பணம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் கழிவறையைப் புதிதாகப் பொருத்துவது சின்ன வேன்களில் உள்ளமைப்பையே மாற்றும் வேலை.

ஒருவருக்குக் குறைந்தது 12 லிட்டர் நல்ல தண்ணீர், சிங்க்கில் கழுவிய நீர் சேர அதே அளவு கழுவுநீர்த் தொட்டி, 3 லிட்டர் கழிவறைக் கொள்ளளவு, மூடியோடு குப்பைத் தொட்டி: மூன்று நாளைக்குச் சான்று கேட்கும் குறைந்தபட்ச அளவு இவ்வளவுதான். இந்த எண்களை வைத்துப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். காரணம் அடுத்த பகுதியில்.

2. கேசட் எத்தனை நாள் தாங்கும்? உண்மையான கணக்கு

வாடகை வேன்களில் பெரும்பாலும் இருப்பது கேசட் கழிவறை. உட்காரும் பகுதி நிலையாக இருக்கும். அதன் அடியில் பெட்டி போல ஒரு தொட்டி, வண்டியின் வெளிப்பக்கக் கதவு வழியாக உருவி எடுக்கலாம். சுமார் 17, 18 லிட்டர் கொள்ளும். தொடக்கத்தில் ஊற்றும் தண்ணீருக்கு 2 லிட்டர் கழித்தால் உங்களுக்கு மிஞ்சுவது 16.

ஒருவர் ஒரு நாளில் கழிக்கும் சிறுநீர் ஏறத்தாழ 1.5 லிட்டர். ஃப்ளஷ் தடவைக்கு 0.3 லிட்டர் என்று வைத்து, ஐந்து தடவைக்கு இன்னொரு 1.5. ஆக ஆளுக்கு 3 லிட்டர். சட்டம் மூன்று நாளைக்கென்று கேட்கும் கொள்ளளவு உண்மையில் ஒரே நாளில் நிரம்பிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

இருவருக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர் என்றால் 18 லிட்டர் கேசட் இரண்டரை நாளுக்குச் சற்று மேல் வரும். பெரியவர்கள் நால்வர் என்றால் ஒன்றேகால் நாள்.

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த ஆங்கிலக் கையேடும் இதைச் சொல்லாது. தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கம். ஒரு சொம்புத் தண்ணீர் ஒரு லிட்டர். இருவர் நாளுக்கு ஒரு முறை கழுவினாலே 2 லிட்டர் கூடி, கேசட் இரண்டு நாளில் முடிந்துவிடும். பழக்கத்தை விட வேண்டியதில்லை. பிழிந்தால் பீய்ச்சும் முனை வைத்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 300 மில்லியில் வேலை முடியும். முதலில் ஒரு முறை தாளால் துடைத்துவிட்டுப் பிறகு பாட்டிலைப் பயன்படுத்தினால் அதிலும் பாதி போதும். ஹேண்ட் ஷவரை நீட்டி உள்ளே கொண்டுவந்து கழுவுவது மட்டும் வேண்டாம். அளவு தெரியாமல் கேசட் நிரம்பி, அடுத்த வளைவில் வழியும்.

பகலில் ஊர்ப் பொதுக் கழிவறைகளைப் பயன்படுத்தினால் கணக்கு பாதியாகிறது. நியூசிலாந்தில் சின்ன ஊர்களில்கூடச் சுத்தமான பொதுக் கழிவறை உண்டு. பெட்ரோல் போட, காபி குடிக்க நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் எல்லாரும் போய்விட்டு வர வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்தால், இருவருக்கான கேசட் நான்கைந்து நாள் இழுக்கும். செலவில்லாத வழி இதுவே. இரண்டாவது கேசட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது சொந்த வேன்காரர்களுக்கு ஏற்றது.

3. பாதையை டம்ப் ஸ்டேஷனிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

கேசட்டையும் கழுவுநீரையும் கொட்டுவதற்கென்றே அமைத்த இடம் டம்ப் ஸ்டேஷன். கவுன்சில்கள், ஹாலிடே பார்க்குகள், சில பெட்ரோல் நிலையங்கள் இவற்றை நடத்துகின்றன. பல இடங்களில் இலவசம். கேம்பர்மேட், ரேங்கர்ஸ் என்ற இரண்டு செயலிகளிலும் வரைபடத்தில் காட்டும்.

பெரும்பாலோர் தங்கும் இடங்களை முதலில் குறித்துவிட்டு, டம்ப் ஸ்டேஷனைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவார்கள். அதை மாற்றுங்கள். முதலில் டம்ப் ஸ்டேஷன்களைக் குறியுங்கள். இரண்டு டம்ப் ஸ்டேஷன்களுக்கு இடையே எத்தனை இரவு என்று எண்ணுங்கள். அது உங்கள் கேசட் கணக்குக்குள் வந்தால் மட்டும் இடையில் தங்கும் இடத்தைத் தேடுங்கள்.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வனாகா போகும் வழக்கமான பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்காப்போ ஏரிப் பக்கம் இரண்டு இரவு, அங்கிருந்து 58 கிலோமீட்டரில் ட்வைசல். அங்கே பொது டம்ப் ஸ்டேஷன் இருக்கிறது. கேசட் பாதிதான் நிரம்பியிருந்தாலும் அங்கே காலி செய்துவிட்டுத் தொடருங்கள். வனாகா அங்கிருந்து இன்னும் சுமார் 140 கிலோமீட்டர். தென் தீவின் மேற்குக் கரையான வெஸ்ட் கோஸ்ட் பக்கம் இன்னும் கவனம் வேண்டும்: ஃபாக்ஸ் கிளேசியரிலிருந்து வனாகா வரை சுமார் 260 கிலோமீட்டரில் ஊர் என்று சொல்லத்தக்கது ஹாஸ்ட் ஒன்றுதான்.

பாதி நிரம்பியதும் காலி செய்வது வீண் வேலை என்று தோன்றும். 18 லிட்டர் நிரம்பிய கேசட் 20 கிலோவை நெருங்கும், கைப்பிடி குட்டை, ஊற்றும்போது தெறிக்கும். பத்து கிலோவில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

4. கிளம்பும் முன் கேசட்டைத் தயார் செய்வது

காலிக் கேசட்டில், நாற்றத்தை அடக்கும் கழிவறை மருந்து ஊற்றாமல் கிளம்புவதுதான் முதல் நாள் மணத்துக்குக் காரணம். வரிசை இப்படி:

அ. கேசட்டை வெளியே எடுங்கள். ஊற்றுக்குழாயை வெளிப்பக்கம் திருப்பி மூடியைக் கழற்றுங்கள்.

ஆ. 2 லிட்டர் தண்ணீரும் கழிவறை மருந்தும் ஊற்றுங்கள். நீல, பச்சைத் திரவங்கள் பெரும்பாலானவற்றுக்கு 20 லிட்டர் தொட்டிக்கு 150 மில்லி அளவு. லேபிளில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. தண்ணீர் இல்லாமல் மருந்தை மட்டும் ஊற்றினால் அடியில் பரவாது. கழிவு காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

இ. மருந்தை எப்போதும் ஊற்றுக்குழாய் வழியாகவே ஊற்ற வேண்டும். மேலே கழிவறைக் குழி வழியாக ஊற்றினால், அடர்த்தியான மருந்து பிளேடின் ரப்பர் வளையத்தில் தேங்கி அதைக் கெடுக்கும். கழிவறைக் குழிக்கும் கேசட்டுக்கும் நடுவே திறந்து மூடும் தகடுதான் பிளேடு. அதன் ரப்பர் போனால் மணமும் கசிவும் சேர்ந்தே வரும்.

ஈ. பிளேடு மூடியிருப்பதை உறுதி செய்து உள்ளே தள்ளுங்கள். பிளேடு திறந்த நிலையில் தள்ளினால் கைப்பிடியோடு பொருந்தாது. அழுத்தித் தள்ளினால் உடையும்.

மருந்தில் ஃபார்மால்டிஹைடு இல்லாத வகையை வாங்குங்கள். டம்ப் ஸ்டேஷன்களில் சில செப்டிக் தொட்டியில் சேர்கின்றன. ஃபார்மால்டிஹைடு அங்கே கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொல்லும். தாள், எளிதில் கரையும் வகையாக இருக்கட்டும். ஈரத் துடைப்பான் எதுவும் உள்ளே போகக்கூடாது. ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் கேசட்டின் குறுகிய குழாயில் அது அடைத்துக்கொள்ளும்.

5. தண்ணீரும் கழுவுநீரும்

குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ, பல் தேய்க்க ஒருவருக்கு நாளுக்கு 8 முதல் 10 லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். குளியல் இதில் சேராது. அதற்கு நீச்சல் குளங்களிலும் சில ஹாலிடே பார்க்குகளிலும் காசு கொடுத்துக் குளிக்கலாம். குடிநீரைத் தனியாக 10 லிட்டர் கேனில் வைப்பது நல்லது. வேன் தொட்டியின் தண்ணீரைக் கடைசியாக யார், எந்தக் குழாயில் நிரப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

கழுவுநீர்த் தொட்டி நிரம்பினால் தொட்டித் தண்ணீர் சிங்க்கில் ஏறி வரும். மணம் அதற்கு முன்பே வந்துவிடும். நம் சமையலில் எண்ணெயும் மசாலாவும் அதிகம் என்பதால் இரண்டாம் நாளே நாறும். கழுவும் முன் தட்டையும் வாணலியையும் தாளால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அரிசி, பருப்பு களைந்த நீரை வடிகட்டி ஊற்றுங்கள். ஒரு பருக்கை சோறு சிங்க்கின் வளைகுழாயில் சிக்கினாலே போதும்.

அரிசி களைந்த தண்ணீர்தானே என்று புல்லில் ஊற்றுவதும் கூடாது. கழுவுநீரைத் தரையில் விடுவது தண்டனைக்குரியது. வேனின் அடியில் உள்ள வால்வைத் திறந்தபடி விட்டுவிட்டு, சொட்டிக்கொண்டே போய் மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. கிளம்பும்போது குனிந்து பாருங்கள்.

6. மின்சாரமும் கேஸும்

வாடகை வேனில் சுவரில் இருக்கும் 230 வோல்ட் பிளக்குகள், பெரும்பாலான வண்டிகளில், ஹாலிடே பார்க்கில் வயர் சொருகினால் மட்டுமே வேலை செய்யும். வெளியே தங்கும்போது உங்களுக்கு இருப்பது 12 வோல்ட்டும் யூஎஸ்பியும். ரைஸ் குக்கரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதல் இரவே இதைக் கண்டுபிடிக்கிறார்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும், 700 வாட் குக்கர் அரை மணி நேரத்தில் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர்-மணி உறிஞ்சிவிடும். கேஸ் அடுப்பில் சின்ன பிரஷர் குக்கர் போதும்.

100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பயன்படுத்தத் தக்கது பாதி. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் மட்டுமே ஒரு நாளுக்கு 30 முதல் 40 எடுக்கும். ஆகவே ஓரிடத்தில் ஒரு இரவுக்குத்தான் கணக்கு வருகிறது. இரண்டாம் நாள் இரண்டு மணி நேரமாவது வண்டி ஓட்டினால் மீளும். லித்தியம் என்றால் ஏறக்குறைய முழுவதையும் பயன்படுத்தலாம். சோலார் தகட்டை விரித்து வைப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: அங்கே வெயில் வடக்கிலிருந்து வரும். நம் ஊர்ப் பழக்கத்தில் தெற்கே பார்க்க வைத்தால் வீண்.

குளிருக்காகக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்காதீர்கள். மூடிய வேனில் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் கொல்லும். அலாரம் இருக்கிறதா என்று வண்டி எடுக்கும்போதே பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

7. இடத்தை எப்படிப் படிப்பது

செயலியில் தங்கலாம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருப்பதால் மட்டும் அந்த இடம் சட்டப்படி சரியாகிவிடாது. கவுன்சில் விதிகள் மாறுகின்றன, புள்ளிகள் அப்படியே கிடக்கின்றன. முதலில் செயலி, பிறகு அந்தக் கவுன்சிலின் இணையதள வரைபடம், கடைசியாக அங்கே நட்டிருக்கும் பலகை. மூன்றும் முரண்பட்டால் பலகையை மதியுங்கள்.

பலகையில் தேட வேண்டியவை: செல்ஃப் கன்டெய்ன்டு வண்டிகளுக்கு மட்டுமா, எத்தனை இரவு, எத்தனை வண்டி, கோடு போட்ட இடத்துக்குள்தான் நிற்க வேண்டுமா, காலை எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும். எண்ணிக்கை வரம்பு உள்ள இடத்தில், கோடுகள் நிரம்பிவிட்டால் ஓரமாக ஒட்டிக்கொள்வது கூடாது. அபராதம் 400 டாலரோ அதற்கு மேலோ ஆகலாம். வாடகை வேன் என்றால் அது நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய நிர்வாகக் கட்டணமும் சேர்ந்து உங்கள் அட்டையில் வந்து விழும்.

பொதுக் கழிவறை இருக்கும் கார் பார்க் என்றால் வேனில் கழிவறை இல்லாமலும் தங்கலாம் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. தவறு. பலகை செல்ஃப் கன்டெய்ன்டு என்று சொன்னால் பத்தடியில் கழிவறை இருந்தாலும் வாரண்ட் வேண்டும். தவிர, அந்தக் கழிவறைகளில் பலவற்றை இரவில் பூட்டிவிடுவார்கள்.

சோர்வில் ஓட்ட முடியாமல் சாலையோரம் நிறுத்திச் சற்றுத் தூங்குவதைச் சட்டம் ஃப்ரீடம் கேம்பிங்கில் சேர்ப்பதில்லை. நல்ல விதிவிலக்கு, விபத்தைத் தவிர்க்க வைத்தது. படுக்கை விரித்து, திரை இழுத்து, வெளியே நாற்காலி போட்டு, அடுப்பில் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு அதே காரணத்தைச் சொன்னால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

இயற்கைப் பாதுகாப்புத் துறையான டாக் நடத்தும் முகாம்கள் தனி வகை. இலவசமானவையும் உண்டு, குறைந்த கட்டணம் உள்ளவையும் உண்டு. பலவற்றில் குழிக் கழிவறை இருக்கும். அதில் கேசட்டைக் கொட்டக்கூடாது. மருந்து அங்கே உள்ள சிதைவை நிறுத்திவிடும், குழியும் சீக்கிரம் நிரம்பும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. நல்ல இடங்கள் மூடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

8. நிறுத்துவது

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். இருட்டில் பலகையும் தெரியாது, புல்லின் அடியில் சேறு இருப்பதும் தெரியாது. வாடகை வேன்களில் பல முன்சக்கரத்தால் இழுபடுபவை. முன்சக்கரம் இரண்டும் கெட்டித் தரையில் அல்லது சரளையில் இருக்கும்படி நிறுத்தினால், இரவு மழை பெய்தாலும் காலையில் வெளியே வரலாம்.

மூக்கை வெளியேறும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். நள்ளிரவில் யாராவது தொந்தரவு செய்தாலோ தண்ணீர் ஏறினாலோ வண்டியைத் திருப்பிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஆற்றுப் படுகையில், அது எவ்வளவு காய்ந்து கிடந்தாலும், தூங்க வேண்டாம். மலையில் பெய்த மழை உங்கள் தலைக்கு மேலே ஒரு துளி விழாமலேயே வந்து சேரும். பெரிய மரங்களின் கீழேயும் வேண்டாம்.

வண்டி சமமாக நிற்க வேண்டியது தூக்கத்துக்காக மட்டுமில்லை. சாய்ந்து நின்றால் சிங்க் வடியாது, கேசட்டின் சிவப்பு விளக்கு தவறான அளவைக் காட்டும், கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராது. சமையல் மேடையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பாருங்கள். சிறிது சரிவு தவிர்க்க முடியாவிட்டால் தலைப்பக்கம் உயரமாக இருக்கட்டும்.

வெஸ்ட் கோஸ்ட்டில் என்றால் கதவைத் திறக்கும் முன் உள்விளக்கை அணையுங்கள். சாண்ட்ஃபிளை எனும் கடிக்கும் சிறு பூச்சி உள்ளே புகுந்துவிட்டால் அன்று உங்களுக்குத் தூக்கம் கிடையாது.

9. இரவில் கழிவறையைப் பயன்படுத்தும் முறை

பம்ப்பின் சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று தூங்கும் முன் பாருங்கள். பிறகு வரிசை: குழியில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், பயன்படுத்துங்கள், பிளேடைத் திறந்து விழச் செய்யுங்கள், சிறிது ஃப்ளஷ், பிளேடை மூடுங்கள். முதலில் விடும் தண்ணீர் ஒட்டாமலிருக்க. அதை விட்டால் பின்னால் ஃப்ளஷுக்கு மும்மடங்கு செலவாகும்.

ஆண்களும் உட்கார்ந்தே போக வேண்டும். நின்று போனால் தெறிப்பது சுவரிலும் தரைவிரிப்பிலும் தங்கி, எந்த மருந்தாலும் போகாத மணமாகிவிடும்.

மலைக் கணவாய் ஏறி வந்து நிறுத்திய பிறகு முதல் முறை பிளேடைத் திறக்கும்போது மிக மெதுவாக, ஒரு நூல் அளவு திறந்து காத்திருங்கள். உயரம் ஏறியதால் உள்ளே அழுத்தம் கூடியிருந்தால் சட்டென்று திறக்கும்போது மேலே தெறிக்கும். வண்டி ஓடும்போது பிளேடு மூடியிருக்க வேண்டும், குழியில் தண்ணீர் நிற்கக்கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் இன்னும் ஓரிரு முறை போகலாம் என்று இழுக்காதீர்கள்.

10. டம்ப் ஸ்டேஷனில்: எது முதலில், எது கடைசியில்

அங்கே பொதுவாக இரண்டு குழாய்கள் இருக்கும். ஒன்று குடிநீர், இன்னொன்று கேசட் கழுவ. கழுவும் குழாயின் முனையைக் கேசட்டுக்குள் நுழைத்துக் கழுவியவர்கள் உங்களுக்கு முன்னே எத்தனையோ பேர். அதிலிருந்து ஒரு சொட்டுக்கூட நல்ல தண்ணீர்த் தொட்டிக்குப் போகக்கூடாது. குடிநீருக்கு ஒரு ஹோஸ், கழுவுநீருக்கு வேறு நிறத்தில் ஒரு ஹோஸ், இரண்டும் வேறு வேறு பெட்டியில் இருக்கட்டும்.

முதலில் நல்ல தண்ணீர். கை இன்னும் சுத்தமாக இருக்கும்போதே நிரப்பி, மூடி, ஹோஸை உள்ளே வைத்துவிடுங்கள். கேசட்டைத் தொட்ட கையோடு குடிநீர்க் குழாயைத் திருகும் வழக்கம்தான் வேனில் எல்லாருக்கும் ஒரே நாளில் வயிறு கெடுவதற்கு வழி.

அடுத்து கேசட். கையுறை போடுங்கள். காற்று உங்கள் முதுகிலிருந்து வரும்படி நில்லுங்கள். பிளேடு மூடியிருப்பதைப் பார்த்து உருவி எடுங்கள். ஊற்றுக்குழாயைத் திருப்பி மூடியைக் கழற்றி, அதைத் தரையில் வைக்காமல் கண்ணில் படும்படி சட்டைப்பை போன்ற இடத்தில், ஓர் உறையில் போட்டு வையுங்கள். டம்ப் ஸ்டேஷனில் மறந்துவிட்டுப் போகும் பொருள்களில் முதலிடம் இந்த மூடிக்குத்தான். இல்லாவிட்டால் கேசட் பயன்படாது.

ஊற்றுக்குழாய் வடிகாலுக்கு நேராகக் கீழே பார்த்த பிறகு காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடி ஊற்றுங்கள். பொத்தான் உள்ளே காற்றை விடும், அதனால் ஒழுக்கு சீராக வரும். அழுத்தாமல் ஊற்றினால் குபுக் குபுக்கென்று வந்து காலில் தெறிக்கும். கேசட் நிமிர்ந்த நிலையில் அழுத்தினாலும் அந்தப் பொத்தான் வழியே கசியும்.

காலியானதும் 3, 4 லிட்டர் தண்ணீர் விட்டு, மூடி, குலுக்கி, மறுபடி ஊற்றுங்கள். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று முறை. பிறகு 4-ஆம் பகுதியில் சொன்னபடி தண்ணீரும் மருந்தும் சேர்த்து உள்ளே தள்ளுங்கள்.

கழுவுநீர் கடைசியில். ஹோஸை மாட்டி வடிகாலில் விட்டால், கேசட் கொட்டியபோது ஒட்டியதையும் அது கொண்டுபோய்விடும். வடிகால் ஓரத்தையும் கழுவும் குழாயால் அடித்துவிட்டு, மூடியை மூடி, கையுறையைக் குப்பையில் போட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பழகினால் எல்லாம் பத்து நிமிடம். பின்னால் வரிசை நின்றால், நல்ல தண்ணீரை வேறிடத்தில் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டை மட்டும் முடிக்கலாம்.

11. அடிக்கடி வரும் கோளாறுகள்

மருந்து போட்டும் மணம் வருகிறது: அநேகமாகக் கழுவுநீர்த் தொட்டிதான், கேசட் இல்லை. சிங்க்கின் வளைகுழாயில் தண்ணீர் காய்ந்துவிட்டால் தொட்டியின் காற்று நேராக மேலே வரும். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மணம் நின்றால் காரணம் அதுவே. வெயில் காலத்தில் ஓடும்போது சிங்க்கை அடைத்து வைப்பது உதவும்.

பிளேடு இறுக்கமாக இருக்கிறது: ரப்பர் காய்ந்திருக்கிறது. சுத்தம் செய்து சிலிகான் ஸ்பிரே கொஞ்சம் அடியுங்கள். வாசலைன், சமையல் எண்ணெய் பூச வேண்டாம். ரப்பர் உப்பி, பிறகு மூடவே மூடாது. பிளீச், வினிகர் போன்ற வீட்டுத் துப்புரவுப் பொருள்களும் அதே ரப்பரைக் கெடுக்கும்.

கேசட் வெளியே வரவில்லை: பிளேடு முழுதாக மூடவில்லை. பூட்டு அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், திறந்தபடி உருவ முடியாது. இழுத்து மல்லுக்கட்டாமல் உள்ளே போய் ஒரு முறை திறந்து மூடிவிட்டு வாருங்கள். தாள் சிக்கியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊறவையுங்கள்.

ஃப்ளஷ் வரவில்லை: சில கழிவறைகளுக்கு வேன் தொட்டியிலிருந்து தண்ணீர், சிலவற்றுக்குத் தனிச் சிறு தொட்டி. உங்களுடையது எது என்று வண்டி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். தனித் தொட்டி என்றால் அதை நிரப்பும் வாய் வேறிடத்தில் இருக்கும். இரண்டையும் குழப்பி நல்ல தண்ணீர்த் தொட்டியில் கழிவறை மருந்தை ஊற்றியவர்கள் உண்டு. அப்படி நேர்ந்தால் தொட்டி முழுவதையும் வடித்து, பலமுறை அலசி, அந்தப் பயணம் முழுக்கக் குடிநீரைக் கேனிலிருந்தே எடுங்கள்.

12. வேனைத் திருப்பிக் கொடுக்கும் நாள்

கடைசி டம்ப் ஸ்டேஷனை விமான நிலையத்துக்கு அருகே என்று விடாதீர்கள். எல்லாரும் அதே காலையில் அங்கேதான் வருவார்கள். முந்தின நாளே கேசட்டையும் கழுவுநீரையும் காலி செய்துவிட்டு, கடைசி இரவை ஹாலிடே பார்க்கில் கழியுங்கள். பார்க்கின் கழிவறையையே பயன்படுத்தினால் கேசட் சுத்தமாகவே இருக்கும். கேசட்டைக் காலி செய்யாமல் திருப்பினால் தனிக் கட்டணம் உண்டு. அது எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் வண்டி எடுக்கும் நாளிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சுத்தமான கேசட்டையும் சிவப்பு விளக்கு எரியாமலிருப்பதையும் ஒப்படைக்கும் முன் ஒரு படம் எடுத்து வையுங்கள். சொந்த வேனை நிறுத்தி வைப்பதாக இருந்தால், கழுவிய கேசட்டின் பிளேடைச் சற்றே திறந்துவிடுங்கள். மூடியே வைத்தால் ரப்பர் ஒட்டிக்கொண்டு, அடுத்த பயணத்தின் முதல் நாளே கைப்பிடியை உடைப்பீர்கள்.